உஷார்! மிச்சம் பிடிக்கப் போய் குழந்தையைப் பறிகொடுத்துவிடாதீர்கள்

அம்மாக்களே, அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் வீட்டில் ஆறு மாதம் தாண்டிய குழந்தை இருக்கிறதா? அதற்கென்று சத்துமாவு அரைத்து டப்பா நிறையப் போட்டு வைத்திருக்கிறீர்களா? காலையில் காய்ச்சிய கஞ்சியை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்து சாயங்காலம் வரை ஊட்டுகிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்குத்தான் சொல்கிறேன். உஷார்!

"வீட்டிலேயே செய்கிறேன். கலர் கிடையாது, கெமிக்கல் கிடையாது. எனக்கென்ன பயம்?" என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள்.

எங்கள் தெருக் கோடியில் இருக்கிறாள். பெயர் வேண்டாம். கெட்டிக்காரப் பெண். கணவனுக்குக் கம்பெனி வேலை, மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காத குடும்பம். குழந்தைக்குக் கடையில் வாங்கும் மாவு ஒரு சின்ன அட்டைப்பெட்டியே 300 ரூபாயைத் தொடுகிறது. அப்படிச் சில பெட்டி வாங்கும் பணத்துக்கு மூன்று மாதத்துக்கு மாவு அரைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்கில் தப்பே இல்லை. கேழ்வரகு, சம்பா கோதுமை, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, முந்திரி, பாதாம் என்று பதினாறு வகை வாங்கினாள். கேழ்வரகையும் பயறையும் முளை கட்டினாள். எல்லாம் சேர்த்து மூன்றரை கிலோ.

மாதம் ஐப்பசி. வெயில் வந்து வந்து போகிறது. மொட்டை மாடியில் வேட்டியை விரித்து இரண்டு நாள் காய வைத்தாள். இரண்டாம் நாள் மதியம் தூறல் போட்டதும் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தாள். "வறுக்கத்தானே போறோம், ஈரம் போயிடும்" என்று மாமியார் சொன்னார்கள். வறுத்தாள். மில்லில் கொடுத்து அரைத்தாள். சூடு ஆறுவதற்குள் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி மூடினாள்.

மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது உள்பக்கம் லேசாக வியர்த்திருந்தது. ஓரத்தில் மாவு கட்டி தட்டியிருந்தது. முகர்ந்தால் பழைய சாக்கு வாடை. என்ன செய்தாள் தெரியுமா? கட்டியை மட்டும் எடுத்துப் போட்டாள். மீதியைச் சலித்து, இன்னொரு தடவை வறுத்து, திரும்பவும் டப்பாவில் போட்டாள். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆயிரம் ரூபாய்ச் சாமானைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனசு வரும்?

காலை ஆறு மணிக்குக் கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுவாள். கேஸ் மிச்சம். பதினோரு மணிக்குக் கொஞ்சம், மூன்று மணிக்குக் கொஞ்சம், பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பாள். குழந்தை பாதி குடித்துவிட்டுத் தலையைத் திருப்பினால் மீதியை மறுபடி ஃபிளாஸ்கிலேயே ஊற்றுவாள். அதுவும் மிச்சம்.

எட்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு வயிற்றால் போனது. நாலு தடவை, ஐந்து தடவை. "பல்லு முளைக்குது, அப்படித்தான் போகும்" என்றார்கள் வீட்டில். புதன்கிழமை வாந்தியும் சேர்ந்துகொண்டது. வயிறு கெட்டிருக்கிறதே என்று கஞ்சியை இன்னும் தண்ணீராக்கிக் கொடுத்தாள். வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, பிள்ளை அழவே மாட்டேங்குது, வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கண் இரண்டும் குழி விழுந்து, உதடு காய்ந்து வெடித்து, உச்சிக்குழி உள்ளே அமுங்கிக் கிடந்தது. வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளிவிட்டேன். மடிப்பு அப்படியே நின்றது. உடனே படியவில்லை. முந்தின ராத்திரியிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை என்றாள். துணி காய்ந்து கிடந்ததைப் பார்த்து, "நல்லவேளை, வயித்தால போறது நின்னுடுச்சு" என்று நினைத்தாளாம்.

அது நின்றதல்ல. உடம்பில் தண்ணீரே இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்தது. கடவுள் புண்ணியம். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அத்தோடு முடியவில்லை. எடை அட்டையை வாங்கிப் பார்த்த டாக்டரம்மா முகம் மாறியது. ஆறாம் மாதம் 6.6 கிலோ. எட்டாம் மாதமும் 6.6 கிலோ. இரண்டு மாதமாகக் குழந்தை ஒரு கிராம்கூட ஏறவில்லை! ஹீமோகுளோபின் 8. பதினாறு வகைத் தானியம் போட்ட கஞ்சியை நாளுக்கு மூன்று வேளை குடித்த குழந்தைக்கு!

மாவு கெட்டதாலா, ஃபிளாஸ்க் கஞ்சியாலா, பாட்டிலாலா, எதனால் வயிறு கெட்டது என்று டாக்டராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. எதனால் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். அதுதான் எனக்குப் பெரிய பயம். ஒரு கஞ்சிக்குள் அத்தனை வழியில் ஆபத்து நுழைந்திருக்கிறது. ஒன்றுகூட அவள் கண்ணில் படவில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடையில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. வீட்டில் செய்வதுதான் நல்லது, செலவும் குறைவு. நம் பாட்டிமார் கொடுத்த கேப்பைக்கூழில் வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் நம் பாஷையில் 'மிச்சம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பணத்தைச் சேமிப்பதும் மிச்சம்தான், தட்டில் மீந்து போவதும் மிச்சம்தான். முதல் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டாவது மிச்சத்தைக் குழந்தை வாயில் ஊட்டுகிறோம். ஆபத்து முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த மாவு டப்பாவுக்கு வருகிறேன்.

முளை கட்டுவது நல்லதா? ரொம்ப நல்லது. கேழ்வரகில் கால்சியம் ஏராளம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் அதிலிருக்கும் பைட்டேட் என்ற பொருள் இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் பிடித்துவைக்கும். முளை கட்டினால் அந்தப் பிடி தளரும். கஞ்சியும் இளகி வரும், நிறைய மாவு போட்டாலும் குழந்தையால் விழுங்க முடியும். எல்லாம் சரி. ஆனால் முளை கட்டிய தானியம் என்றால் தண்ணீரில் ஊறிய தானியம். அந்த ஈரம் கடைசிச் சொட்டு வரை போகவில்லையென்றால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடியுங்கள். 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. அரைக்காதீர்கள். மழைக் காலத்தில் முளை கட்டவே வேண்டாம் என்பேன். அந்த இரண்டு மூன்று மாதம் சாதா கேழ்வரகை வறுத்துப் பொடித்தாலே போதும்.

பூஞ்சை என்றால் பச்சையாக, வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் ஒரு வகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை விட்டுப் போகும். அதற்கு நிறம் இல்லை. சலித்தால் போகாது. நம் வறுவலுக்கும் கொதிக்கிற கஞ்சிக்கும் முழுதாக அழியாது. கட்டியை எடுத்துப் போட்டாலும் விஷம் மீதி மாவில் இருக்கும். ஈரலைத் தாக்கும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பகுதி மலைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூத்துப்போன மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, மஞ்சள் காமாலை கண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஏழைகள். வேறு சோளம் இல்லை, கொட்ட மனசில்லை, சாப்பிட்டார்கள். பெரியவர்கள் உடம்பே தாங்கவில்லை. ஏழு கிலோ குழந்தையின் ஈரல் எத்தனை பெரிது? நினைத்துப் பாருங்கள்.

அந்த விஷம் தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் காமாலை வராது. எதுவுமே தெரியாது. வருஷக்கணக்கில் ஈரலில் சேதம் சேரும், பின்னாளில் புற்றுநோய் வரைக்கும் போகும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியே ஒரு அறிகுறியும் காட்டாது என்பதுதான் பயமே.

அதனால் நிலக்கடலை வாங்கும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எதுவும் வேண்டாம். ஒரு கடலையைக் கடித்துக் கசந்தால் அந்தப் பொட்டலமே குழந்தைக்கு ஆகாது.

மில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர் என்ன அரைத்தார் என்று கேட்டீர்களா? மிளகாயா? மல்லியா? சின்ன மில்களில் ஒரே இயந்திரத்தில் எல்லாம் ஓடும். முந்தினவர் பொடி கொஞ்சமாவது உங்கள் மாவில் வந்து விழும். பெரியவர்களுக்கு அது ஒன்றும் இல்லை. குழந்தைக்கு வாய் எரியும், வயிறு எரியும், ஏன் அழுகிறது என்றே உங்களுக்குத் தெரியாது. கால் கிலோ மாவுக்கு மில் எதற்கு? வீட்டு மிக்சியே போதும். ஆனால் ஜாடியின் வாஷரைக் கழற்றிக் கழுவுங்கள். ஒருநாள் கழற்றிப் பாருங்கள், உள்ளே போன வாரத்துத் தேங்காய்ச் சட்னி கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

கால் கிலோதான். அதற்கு மேல் அரைக்காதீர்கள். இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும். ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியாக வறுங்கள், நன்றாக ஆறட்டும், அப்புறம் அரையுங்கள். அரைத்த சூடும் ஆறட்டும். காய்ந்த எவர்சில்வர் டப்பா அல்லது கண்ணாடி பாட்டில். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது. அரைத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

பதினாறு வகை, இருபத்தொரு வகை என்று எண்ணிக்கையில் போட்டி போடுவதையும் விட்டுவிடுங்கள், கண்ணுகளா! முதல் தடவையே பதினாறையும் சேர்த்துக் கொடுத்துக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யார் சொல்வது? முந்திரியா, கோதுமையா, பாதாமா? புதிதாக ஒன்று, மூன்று நாள் பொறுங்கள், அப்புறம் அடுத்தது. உதடு வீங்கினாலோ மூச்சு விசில் அடித்தாலோ நிற்காதீர்கள், ஓடுங்கள்.

அடுத்தது அந்த ஃபிளாஸ்க். எனக்கு அதைப் பார்த்தாலே நடுங்குகிறது.

அந்தப் பெண் வீட்டு ஃபிளாஸ்க் மூடியை நான் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையத்துக்கு அடியில் பழைய கஞ்சி மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஊசியால்தான் நோண்டி எடுக்க முடிந்தது. தினமும் வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கழுவியவள்தான். அந்த இடுக்குக்குள் வெந்நீர் போகவே இல்லை.

ஃபிளாஸ்க் கஞ்சியைக் கெடாமல் காக்கும் என்று நினைக்கிறோம். காலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது, திறந்து திறந்து மூடுவதில் மதியத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும். 60 டிகிரிக்குக் கீழே, 5 டிகிரிக்கு மேலே கிருமி பெருகும். வெதுவெதுப்பு அதற்குக் கருப்பை மாதிரி. போதாததற்குக் குழந்தையின் எச்சில் பட்ட கஞ்சியைத் திரும்ப ஊற்றுகிறோம்! திரும்பச் சூடு பண்ணினால் செத்துவிடாதா என்று கேட்பீர்கள். கிருமி சாகலாம். சோற்றிலும் கஞ்சியிலும் வளரும் சில கிருமிகள் விட்டுவைத்த விஷம் கொதித்தாலும் போகாது.

காய்ச்சிய கஞ்சிக்கு ஆயுசு இரண்டு மணி நேரம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். எச்சில் பட்ட கிண்ணத்தில் மீந்ததை நீங்கள் குடியுங்கள், இல்லையென்றால் கொட்டுங்கள். குழந்தைக்குத் திரும்ப வராது. இரண்டு ஸ்பூன் மாவு, ஐந்து நிமிட அடுப்பு, வேளைக்கு வேளை. கேஸ் செலவாகட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜ் இருப்பவர்களும் சும்மா இருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கேரட்டும் கீரையும் மசித்து ஐஸ் டிரேயில் ஊற்றி வாரம் முழுக்க ஓட்டுகிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நம் ஊரில் கரண்ட் பல மணி நேரம் போனால் அது உருகித் திரும்ப உறையும். உருகியதும் தெரியாது, உறைந்ததும் தெரியாது. கீரை, பீட்ரூட் மசியலை வைத்து வைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதிலிருக்கும் நைட்ரேட் கிருமிகளால் நைட்ரைட்டாக மாறும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம். அன்றைக்குச் செய்தது அன்றைக்கே.

பாட்டிலில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறீர்களா? நிப்பிள் ஓட்டையை ஊசியைக் காய்ச்சிப் பெரிசாக்கியிருக்கிறீர்களா? ஐயோ, தயவுசெய்து அந்த பாட்டிலை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். ஓட்டை பெரிசானால் குழந்தை விழுங்குவதற்கு முன்னால் அடுத்த மடக்கு வந்து புரை ஏறும், நுரையீரலுக்குப் போகும். அந்த ஓட்டையில் போகிற மாதிரி தண்ணீராகக் காய்ச்சுகிறீர்களே, அதுதான் இன்னொரு கொடுமை.

எட்டு மாதக் குழந்தையின் வயிறு எவ்வளவு கொள்ளும்? ஒரு டம்ளர். 200 மில்லி, மிஞ்சினால் 240. அந்த டம்ளரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சாப்பாட்டுக்கு இடம் ஏது? வயிறு ரொம்பிவிடும், குழந்தை அழாது, தூங்கிவிடும். நீங்கள் "சமர்த்துக் குழந்தை" என்பீர்கள். எடை மட்டும் ஏறாது. அந்தப் பெண்ணின் குழந்தைக்கு நடந்தது இதுதான். மாவு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு ஸ்பூன் மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டிருக்கிறாள். பெற்ற தாய், பட்டினி போடுவது தெரியாமல் பட்டினி போட்டிருக்கிறாள்.

கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். கஞ்சி ஓடி வழிந்தால் அது சாப்பாடு அல்ல. கரண்டியிலேயே நிற்க வேண்டும், மெதுவாகச் சரிய வேண்டும். அதில் ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுங்கள். கிண்ணம், கரண்டி, உங்கள் விரல். பாட்டில் வேண்டவே வேண்டாம்.

தாய்ப்பால் வராமல் டாக்டர் சொல்லி டின் பவுடர் கொடுப்பவர்களும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள். நாலு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்பூன் போட்டு டின்னை இழுக்காதீர்கள். அதிகத் தண்ணீர் போனால் ரத்தத்தில் உப்பு இறங்கிக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். டின்னில் போட்டிருக்கும் அளவு அளவுதான். பவுடர் விலை அதிகம் என்று பசும்பாலுக்கு மாற்றிவிடுவதும் ஆபத்து. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு; ஒரு வயதுக்கு முன்னால் அதை முழு நேர ஆகாரமாக்கினால் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தக் கசிவும் வரலாம். ரத்தம் வற்றிப்போகும்.

ரத்தசோகையை லேசாக நினைக்காதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் தமிழ்நாட்டிலேயே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! பிறக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்திருந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வெறும் தானியக் கஞ்சியில் அது வராது. நன்றாக வெந்த முட்டை, வேகவைத்து மசித்த ஈரல், மீன், பருப்பு, முருங்கைக்கீரை, கூடவே நாலு சொட்டு எலுமிச்சை. சைவமானால் பருப்பும் கீரையும் தினம் வேண்டும். அரசாங்கம் ஆறு மாதக் குழந்தையிலிருந்து வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி இரும்புச் சத்து சிரப் கொடுக்கச் சொல்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். காசு கிடையாது. எத்தனை வீட்டில் அந்த பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது!

இனிப்புக்கு வருவோம். சர்க்கரை கெடுதல் என்று சொல்லி வைத்ததில் சிலர் கஞ்சியில் தேன் விடுகிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. காட்டுத் தேனானாலும் கூடாது, காய்ச்சினாலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. பெரியவர் குடலில் அது முளைக்காது. குழந்தை குடலில் முளைத்து விஷம் கக்கும், நரம்பை முடக்கும். முதலில் மலச்சிக்கல். அப்புறம் பால் இழுக்கிற பலம் குறையும். அழுகைச் சத்தம் மெலியும். இமை தொங்கும். கழுத்து நிற்காது, துணி மாதிரி துவண்டு போகும். கடைசியில் மூச்சு. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று தேன் தடவ வரும் பெரியவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆசீர்வாதம் மட்டும் பண்ணுங்க அத்தை, தேன் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வெல்லம், கருப்பட்டி, உப்பு எதுவும் ஒரு வயது வரை தேவையே இல்லை. உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும் என்பீர்கள். அதற்கு உப்பின் ருசியே தெரியாதே! நாம்தான் பழக்குகிறோம். உப்பைப் பிரித்து வெளியேற்ற அந்தச் சின்ன சிறுநீரகத்துக்குப் பலம் போதாது.

கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துப் போடாதீர்கள். நிலக்கடலைத் துண்டு மூச்சுக்குழாயில் சிக்கி வருகிற குழந்தைகளைக் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் எப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நைஸாக அரைத்துச் சலித்திருக்க வேண்டும். குழந்தை இருமினால் இருமட்டும், நல்லதுதான். சத்தமே வராமல் முகம் நீலமானால்தான் மோசம். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். முழங்கையில் குப்புறப் போட்டு, தலை கீழே இருக்கும்படி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-க்குச் சொல்லுங்கள்.

இனி, எதைக் கண்டால் வீட்டில் உட்காரக் கூடாது?

ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை. கண் குழி விழுந்திருக்கிறது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மெதுவாகப் படிகிறது. மலத்தில் ரத்தம். குடித்ததெல்லாம் வாந்தி. பால் குடிக்க மறுக்கிறது. கூப்பிட்டால் கண் திறக்காமல் சொக்கிப்போய்க் கிடக்கிறது.

இதில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். சாயங்காலம் வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். போகிற வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். கரைசல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். ஒரு பெரிய பாக்கெட்டுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். பாதி பாக்கெட் அரை டம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க் மாத்திரையும் இலவசம். ஜிங்க்கை வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் பதினாலு நாள் முடிக்க வேண்டும். "பல்லு முளைக்குது" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பல் முளைப்பதால் யாருக்கும் இப்படிப் போகாது.

சத்தமில்லாமல் வருகிற அடையாளங்களும் உண்டு. இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறவில்லை. உள்ளங்கை வெளுத்திருக்கிறது. மண்ணைத் தின்கிறது. எப்போதும் தூங்கி வழிகிறது. அங்கன்வாடியில் மாதா மாதம் எடை போடுவதைத் தவற விடாதீர்கள். அந்த அட்டையில் கோடு படுத்துவிட்டால் சாப்பாட்டிலோ உடம்பிலோ ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

பணம்தான் கவலை என்றால், மிச்சம் பிடிக்க ஆபத்தில்லாத வழிகள் இருக்கின்றன. ஆறு மாதம் முடிகிற வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். அதற்கு அப்புறமும் இரண்டு வயது வரை தாய்ப்பால் தொடரட்டும். அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை சத்துமாவு இலவசமாகவே தருகிறார்கள். வைட்டமினும் தாதுச் சத்தும் சேர்த்தது. அதை வாங்கி மாட்டுக்குப் போடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. இன்னொரு வழி, தனிச் சமையலே வேண்டாம். உங்களுக்கு வடிக்கிற சோற்றில், வேக வைத்த பருப்பில், உப்பு காரம் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைத்து மசியுங்கள். பூவன் பழம் ஒன்று, அவித்த முட்டை ஒன்று. இதைவிட மலிவு எந்த மாவு?

அந்தப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறாள். ஃபிளாஸ்கில் வெந்நீர் மட்டும். மாவு டப்பா சின்னதாகிவிட்டது, மேலே தேதி ஒட்டியிருக்கிறது. குழந்தை 8 கிலோவைத் தாண்டிவிட்டது, என்னைப் பார்த்தால் தவழ்ந்து வந்து புடவையைப் பிடித்து இழுக்கிறது.

நீங்கள் இன்று ராத்திரியே எழுந்து போய் உங்கள் வீட்டு டப்பாவைத் திறங்கள். மூடியின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். முகருங்கள். காறல் வாடையோ சாக்கு வாடையோ அடித்தால், கட்டி தட்டியிருந்தால், எப்போது அரைத்தது என்றே ஞாபகம் இல்லையென்றால், மொத்தத்தையும் குழி தோண்டிக் கொட்டுங்கள். வீணாகிறதே என்று மாட்டுக்கும் வைக்காதீர்கள். அந்தப் பூஞ்சை விஷம் பாலில் இறங்கி மறுபடி உங்கள் வீட்டு டம்ளருக்கே வந்து சேரும்.